மறந்த பொருளைச் சுமக்கும் ஆங்கிலச் சொற்கள்

1611-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் பைபிளில், லேவியராகமம் 2-ஆம் அதிகாரம் ஒரு காணிக்கையைப் படைக்கும் முறையைச் சொல்கிறது. மெல்லிய மாவை எடுத்து, அதன்மேல் எண்ணெய் வார்த்து, தூபப் பொருளும் இட்டுக் கொண்டுவர வேண்டும். அடுப்பில் சுட்டுப் படைப்பதாக இருந்தால் அது புளிப்பில்லாத அப்பமாக இருக்க வேண்டும். இறைச்சி என்ற பேச்சே அங்கு இல்லை. ஆனாலும் ஆங்கிலத்தில் அந்தக் காணிக்கைக்குப் பெயர் 'மீட் ஆஃபரிங்'.

இன்றைய ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் இதை இறைச்சிப் படையல் என்றுதான் எடுத்துக்கொள்வார். தமிழ் பைபிளின் பழைய மொழிபெயர்ப்பில் அதே இடத்தைப் புரட்டினால் 'போஜனபலி' என்று இருக்கிறது. அதுதான் சரியான பொருள். 1611-இல் 'மீட்' என்ற சொல்லுக்கு உணவு என்ற பொருள் இன்னும் உயிரோடு இருந்தது. மொழிபெயர்த்தவர்கள் பிழை செய்யவில்லை. அவர்கள் காலத்துக்குப் பின் சொல்தான் நகர்ந்துவிட்டது. 1885-இல் திருத்திய பதிப்பு வந்தபோது, மாவைக் குறிக்கும் 'மீல்' என்ற வேறொரு சொல்லைப் போட்டு 'மீல் ஆஃபரிங்' என்று மாற்ற வேண்டியதாயிற்று.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'மீட்' என்ற சொல் 'மெட்டெ'. கஞ்சி, ரொட்டி, பழம், இறைச்சி என உண்ணக்கூடிய எல்லாமே அதில் அடங்கும். ஆங்கிலத்தின் உறவு மொழியான ஸ்வீடிஷில் இன்றைக்கும் 'மாட்' என்றால் சாப்பாடுதான். ஆங்கிலத்தில் மட்டும் அது படிப்படியாகச் சுருங்கி இறைச்சி என்ற ஓர் உணவில் போய் நின்றது. ஆனால் அந்தச் சொல் இன்னொரு சொல்லோடு சேர்ந்து முன்பே கூட்டுச்சொல்லாகிவிட்ட இடங்களில் பழைய பொருள் அப்படியே தங்கிவிட்டது. 'ஸ்வீட்மீட்' என்றால் இனிப்புப் பண்டம். கொல்கத்தாவில் ரசகுல்லா விற்கும் கடைகளை 'ஸ்வீட்மீட் ஷாப்' என்று எழுதும் வழக்கம் இன்றும் உண்டு. அங்கே இறைச்சியைத் தேடி யாரும் போவதில்லை. வாதுமை போன்றவற்றின் ஓட்டை உடைத்தால் உள்ளே இருக்கும் பருப்பு 'நட்மீட்'. இரண்டிலும் 'மீட்' என்பது தின்னும் பொருள், அவ்வளவே.

இந்த வரிசையில் 'மின்ஸ்மீட்'டையும் சேர்த்துவிடத் தோன்றும். கிறிஸ்துமஸ் காலத்தில் ஆங்கிலேயர் செய்யும் பை என்ற பண்டத்தின் உள்ளே வைக்கும் உலர்பழக் கலவை அது. இறைச்சி இல்லாமல்தான் இன்று செய்கிறார்கள். ஆனால் பழைய சமையல் குறிப்புகளில் உலர்திராட்சையோடும் மசாலாவோடும் கொத்திய ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ இருந்தது. அங்கே மாறியது சமையல்தான். ஒரு சொல்லைப் பார்த்தவுடன் அதன் வரலாற்றை ஊகித்துவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எச்சரிக்கை கிடைக்காது.

தமிழில் இதற்கு நேரான ஒரு கதை நம் அடுக்களையிலேயே இருக்கிறது. பழந்தமிழில் நெய் என்பது எண்ணெய்க்கும் பொதுவான சொல். எள்ளிலிருந்து எடுத்த நெய் எண்ணெய். வெண்மையான நெய் வெண்ணெய். பிறகு 'நெய்' தனியாக நின்றால் பசு நெய், எருமை நெய் என்றாகிவிட்டது. 'எண்ணெய்' என்ற கூட்டுச்சொல் பழைய பொருளைக் காத்தது மட்டுமல்ல, தன்னுள் இருந்த எள்ளையும் மறந்து தேங்காய்க்கும் கடலைக்கும் பொதுப்பெயராகி, மண்ணெண்ணெய் வரைக்கும் போய்விட்டது.

சொற்பொருள் இப்படிச் சுருங்குவது மொழியியலில் நன்கு அறியப்பட்ட நிகழ்வு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மிஷேல் பிரெயால் என்ற பிரெஞ்சு அறிஞர் பொருள் மாற்றத்தை ஆராயும் துறைக்கு 'செமான்டிக்' என்று பெயர் வைத்து, 1897-இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். சுருக்கம் நிகழ்வதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது போட்டி. ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் வந்து சேர்ந்தால், ஒன்று பொதுப்பொருளை எடுத்துக்கொள்ளும். மற்றது ஒரு மூலையில் ஒதுங்கும், அல்லது வழக்கொழிந்துபோகும். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வெள்ளமாகப் பாய்ந்தன. அதில் ஒதுங்கிய சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது, மானைக் குறிக்கும் 'டீர்'.

பழைய ஆங்கிலத்தில் அது 'டேயோர்'. பொருள், விலங்கு, குறிப்பாகக் காட்டு விலங்கு. ஜெர்மனில் 'டியர்', டச்சில் 'டியர்', ஸ்வீடிஷில் 'யூர்' எல்லாம் இதன் உடன்பிறப்புகள்; அவை இன்றும் பொதுவாக விலங்கையே குறிக்கின்றன. பெர்லின் நகரின் 'டியர்கார்டன்' பூங்காவின் பெயரில் இருப்பதும் இதே சொல்தான். ஆங்கிலத்தில் மட்டும் 'பீஸ்ட்' என்ற பிரெஞ்சுச் சொல்லும், பின்னால் 'அனிமல்' என்ற லத்தீன் சொல்லும் வந்து பொது இடத்தைப் பிடித்துக்கொள்ள, டீர் மானுக்குள் அடங்கியது. ஏன் மானுக்குள்? வேட்டைதான் காரணமாக இருக்க வேண்டும். நார்மன் அரசர்கள் பெரும் காடுகளை அரச வேட்டைக்கென்று ஒதுக்கிவைத்தார்கள். அங்கே துரத்தப்பட்ட விலங்குகளில் தலையாயது மான். காட்டில் 'விலங்கு' என்று சொன்னாலே எதைச் சொல்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பழைய பொருள் உடனே மறைந்துவிடவில்லை. ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தில் எலி போன்ற சிற்றுயிர்களைக்கூட இந்தச் சொல்லால் குறிக்கும் இடம் ஒன்று உண்டு.

அந்தப் பழைய விலங்கு இன்றைய ஆங்கிலத்தில் ஒளிந்திருக்கும் சொல் 'வில்டர்னெஸ்'. மனிதர் வாழாத வனாந்தரத்தைக் குறிக்கும் இச்சொல்லைப் பிரித்தால் வைல்ட், டேயோர், நெஸ் என்று மூன்று துண்டுகள் கிடைக்கின்றன. காட்டு விலங்குகளின் இடம் என்பதே அதன் மூலப்பொருள்.

இதே பாதையில் நடந்த இன்னொரு சொல் நமக்கு நெருக்கமானது. வேதகாலச் சமஸ்கிருதத்தில் மிருகம் என்றால் காட்டு விலங்கு. பிறகு அது மானாகச் சுருங்கியது. மிருகசீரிட நட்சத்திரத்தின் பெயருக்கு மான்தலை என்று பொருள். தமிழ் அந்தச் சொல்லைப் பொதுப்பொருளோடு வாங்கி வைத்துக்கொண்டதால் நமக்குச் சிங்கமும் மிருகம், கரடியும் மிருகம். இந்தியாவிலும் இங்கிலாந்திலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் 'விலங்கு' என்ற சொல் மானில் போய் நின்றிருப்பதைப் பார்க்கும்போது, வேட்டைக்காரர்களின் பேச்சு மொழியை எவ்வளவு ஆழமாக வடித்திருக்கிறது என்ற வியப்பு வருகிறது.

பறவைக்குப் பொதுப்பெயராக இருந்த 'ஃபௌல்' கோழிக்கு ஒதுங்கியதும், எல்லா நாய்க்கும் பெயரான 'ஹவுண்ட்' வேட்டை நாய்க்கு ஒதுங்கியதும் இதே கதைதான். நீர்ப்பறவையைக் குறிக்கும் 'வாட்டர்ஃபௌல்' மட்டும் பழைய விரிவை ஓரளவு காத்து நிற்கிறது.

தனிச்சொல் மாறும்போது கூட்டுச்சொல் ஏன் கூடவே மாறுவதில்லை? பேசுபவர் கூட்டுச்சொல்லை ஒவ்வொரு முறையும் துண்டுகளிலிருந்து கட்டி எழுப்புவதில்லை. முழுச் சொல்லாகவே நினைவில் வைத்திருக்கிறார் என்பது ஒரு விடை. அதைவிடச் சுவையான விடை ஒலியில் இருக்கிறது. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நெடில், குறில் பற்றிய சங்கதி.

பழைய ஆங்கிலத்தில் வீட்டுக்குப் பெயர் 'ஹூஸ்', நெடில். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறிய வைக்கிங்குகளின் மொழியில் வீட்டுத் தலைவனுக்குப் பெயர் 'ஹூஸ்போண்டி'. வீட்டில் குடியிருந்து ஆள்பவன் என்று பொருள். ஆங்கிலேயர் அதை வாங்கிக்கொண்டார்கள். கூட்டுச்சொல்லின் நடுவே மெய்கள் நெருங்கி வந்ததால் 'ஹூ' என்ற நெடில் 'ஹு' என்ற குறிலாகிவிட்டது. அதன்பின் சுமார் 1400-இலிருந்து 1700 வரையிலான காலத்தில் ஆங்கிலத்தின் நெடில்கள் எல்லாம் இடம் மாறின. மொழியியலார் இதைப் பெரும் உயிரொலி மாற்றம் என்கிறார்கள். ஊகாரம் 'அவ்' ஆயிற்று. ஈகாரம் 'ஐ' ஆயிற்று. ஹூஸ் 'ஹவுஸ்' ஆனது. ஆனால் அந்த மாற்றம் குறில்களைத் தொடவில்லை. முன்பே குறுகிவிட்ட 'ஹஸ்பண்ட்' அதிலிருந்து தப்பித்தது. அதனால் ஹவுஸுக்கும் ஹஸ்பண்டுக்கும் உள்ள உறவு காதுக்குத் தெரியாமல் போயிற்று.

வைல்ட் என்பதில் ஐகாரம், வில்டர்னெஸ்ஸில் இகரம். புனிதத்தைக் குறிக்கும் ஹோலியும் புனித நாளாகப் பிறந்த ஹாலிடேயும், ஷீப்பும் அதை மேய்க்கும் ஷெப்பர்டும், வைஸும் விஸ்டமும் இப்படித்தான் பிரிந்தன. ஒலி பிரிந்த பிறகு, தனிச்சொல் எந்தப் பொருளுக்கு நகர்ந்தாலும் கூட்டுச்சொல்லை இழுத்துச்செல்ல அதனால் முடியாது. பேசுபவர்கள் உள்ளே இருக்கும் சொல்லை மறந்துவிட்டார்கள். மறந்ததாலேயே அது பிழைத்துக் கிடக்கிறது. இந்த ஆய்வில் என்னை விடாமல் இழுப்பது இந்த முரண்தான்.

ஹஸ்பண்டின் பழைய பொருளை நம் ஊர்களிலேயே பெயர்ப்பலகையில் வாசிக்கலாம். கால்நடை பராமரிப்புத் துறையின் ஆங்கிலப் பெயர் 'அனிமல் ஹஸ்பண்ட்ரி'. கணவனுக்கும் கால்நடைக்கும் என்ன தொடர்பு என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. கேள்வி சரியானது. வீட்டையும் நிலத்தையும் தொழுவத்தையும் சேர்த்து நிர்வகிப்பவனே ஹஸ்பண்ட். அவன் செய்யும் வேலை ஹஸ்பண்ட்ரி. திருமணத்தோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது பிறகு நடந்தது.

மனைவியின் கதை இன்னும் விரிந்தது. 'வைஃப்' பழைய ஆங்கிலத்தில் 'வீஃப்'. அடிப்படைப் பொருள் பெண், மணமானவரா இல்லையா என்பது அதில் இல்லை. மீன் விற்கும் பெண்ணை 'ஃபிஷ்வைஃப்' என்றார்கள். பேறுகாலம் பார்க்கும் 'மிட்வைஃப்' என்ற சொல்லில் 'மிட்' என்பது 'உடன்' என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். ஜெர்மனில் இன்றும் 'மிட்' என்றால் உடன்தான். ஆங்கிலத்தில் அது வழக்கொழிந்துவிட்டது. ஆகவே மிட்வைஃப் என்றால் பெண்ணோடு உடனிருப்பவர். சொல்லில் வரும் வைஃப் மருத்துவச்சி அல்ல, வலியில் இருக்கும் தாய். பிரசவ அறையில் அந்த வேலையின் உயிர்நாடி எது என்பதை இதைவிட அழகாகச் சொல்லும் சொல் எந்த மொழியிலும் அரிது என்பேன். ஓர் ஆண் அந்தத் தொழிலைச் செய்தாலும் பெயரை மாற்ற வேண்டியதில்லை.

வீட்டுப் பெண் என்ற பொருளில் பிறந்த 'ஹவுஸ்வைஃப்' இரண்டாகப் பிளந்தது. ஒரு வடிவம் பேச்சில் தேய்ந்து, குறுகி, 'ஹஸ்ஸி' ஆயிற்று. வீட்டோடு இருந்த உறவு காதில் விழாமல் போனதும் அதன் மரியாதையும் கரைந்து, ஒழுக்கமற்றவள் என்று பெண்ணை ஏசும் வசையாக இறங்கிவிட்டது. இன்னொரு வடிவத்தை மக்கள் ஹவுஸையும் வைஃபையும் வெளிப்படையாக வைத்து மீண்டும் கட்டிக்கொண்டார்கள். அது இன்றும் இல்லத்தரசிதான்.

தமிழ் இலக்கணத்தில் தஞ்சாவூர் தஞ்சை ஆவதை மரூஉ என்போம். ஆங்கில மரூஉக்களில் உச்சம் 'லார்ட்'. அது 'ஹ்லாஃப்வேர்ட்' என்ற சொல்லின் தேய்வு: 'ஹ்லாஃப்' ரொட்டி, 'வேர்ட்' காவலன். 'லேடி' ரொட்டிக்கு மாவு பிசைபவள். வீட்டுப் பணியாளுக்கு ரொட்டி உண்பவன் என்றொரு பெயரும் அன்று இருந்தது. யார் காக்கிறார், யார் பிசைகிறார், யார் உண்கிறார் என்று ஒரு முழுச் சமூகத்தின் அமைப்பையே ரொட்டியை நடுவில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். பிற்காலத்தில் லார்ட் என்று அழைக்கப்பட்ட எந்தப் பிரபுவுக்கும் தன் பட்டத்துக்குள் ரொட்டி இருப்பது காதில் விழுந்திருக்காது.

'குவிக்' என்றால் வேகம் என்றுதான் பள்ளியில் படிக்கிறோம். பழைய பொருள் உயிருள்ளது. லத்தீனின் 'விவுஸ்', சமஸ்கிருதத்தின் 'ஜீவ' ஆகியவை இதன் நேர் உறவுகள். ஜீவன் என்று நாம் சொல்லும் சொல்லும் ஆங்கிலக் குவிக்கும் ஒரே இந்தோ ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை. உயிருள்ளது அசையும், அசைவது துடிப்பாக இருக்கும், துடிப்பானது விரைவாகப் போகும் என்று பொருள் படிப்படியாக நகர்ந்தது. பாதரசத்துக்கு 'குவிக்சில்வர்' என்று பெயர் வைத்தவர்கள் அதை வேகமான வெள்ளி என்று நினைக்கவில்லை. தரையில் சிந்தினால் உருண்டு ஓடிப் பிரிந்து மறுபடி சேரும் அந்த உலோகம் அவர்களுக்கு உயிருள்ள வெள்ளி. காலை உள்ளே இழுக்கும் புதைமணல் 'குவிக்சாண்ட்'. தண்ணீர் பட்டதும் சீறிக் கொதிக்கும் சுட்ட சுண்ணாம்பு 'குவிக்லைம்'. நகத்தை ஒட்ட வெட்டினால் சுரீர் என்று வலிக்கும் அடிச்சதைக்கும் குவிக் என்றே பெயர். நகத்தில் உயிர் தொடங்கும் இடம் அதுதான். வயிற்றில் குழந்தையின் முதல் அசைவைத் தாய் உணர்வதை ஆங்கில மருத்துவம் இன்றும் 'குவிக்கனிங்' என்கிறது. அங்கே வேகத்துக்கு வேலையே இல்லை.

எல்லாக் கூட்டுச்சொல்லும் இப்படித் தப்பிப்பதில்லை. மணமகனுக்குப் பழைய ஆங்கிலச் சொல் 'பிரூட்குமா'. குமா என்றால் மனிதன். லத்தீன் 'ஹோமோ'வின் உறவு. அந்தச் சொல் தனியே வழக்கொழிந்த பிறகு, கூட்டுச்சொல்லில் விளங்காத ஒரு துண்டு உறுத்திக்கொண்டே இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் அதன் இடத்தில் பணியாளைக் குறிக்கும் 'குரூம்' என்ற தெரிந்த சொல்லை வைத்து 'பிரைட்குரூம்' ஆக்கிவிட்டார்கள். முழுவதும் தேய்ந்த சொல்லை மக்கள் தொடுவதில்லை. பாதி விளங்கி மீதி விளங்காமல் நிற்கும் சொல்லைத்தான் பழுதுபார்க்கிறார்கள்.

'கார்ன்' என்ற சொல்லின் கூட்டுகள் காலத்தையே காட்டிவிடும். அடிப்படைப் பொருள் மணி, தானியம். மிளகு மணி 'பெப்பர்கார்ன்'. 'கார்ன்ட் பீஃப்' என்ற மாட்டிறைச்சியில் சோளம் கிடையாது. மணி மணியான உப்பில் ஊறவைத்தது என்பதால் அந்தப் பெயர். எந்த ஊரில் எது முக்கிய விளைச்சலோ அதுவே கார்ன்: இங்கிலாந்தில் கோதுமை, ஸ்காட்லாந்தில் ஓட்ஸ். 1815 முதல் 1846 வரை பிரிட்டனைக் கொந்தளிக்க வைத்த 'கார்ன்' சட்டங்களைப் பாடநூலில் படிக்கும் மாணவர்கள் சோளச் சட்டம் என்று எண்ணிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அவை கோதுமை முதலிய தானியங்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய சட்டங்கள். அமெரிக்காவுக்குக் குடிபோன ஆங்கிலேயர் அங்கே கண்ட மக்காச்சோளத்தை 'இந்தியன் கார்ன்' என்றார்கள். பிறகு முன்பாதி உதிர்ந்தது. பாப்கார்னும் கார்ன்ஃபிளேக்ஸும் அதற்குப் பின் பிறந்த அமெரிக்கக் கூட்டுகள்.

அந்தக் குடும்பத்தில் இன்றும் உழைக்கும் உறுப்பு 'பார்லிகார்ன்'. வாற்கோதுமை மணிகள் மூன்றை நீளவாக்கில் வைத்தால் ஓர் அங்குலம் என்பது இடைக்கால இங்கிலாந்தின் அளவு. பிரிட்டனில் காலணி அளவு இன்றைக்கும் அந்தக் கணக்கில்தான் ஏறுகிறது. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மில்லிமீட்டர். இந்தியாவில் விற்கும் செருப்புகளிலும் பெரும்பாலும் அதே பிரிட்டிஷ் எண்கள்தான். கடையில் ஏழு பிடிக்கிறது, எட்டு கொடுங்கள் என்று கேட்பவர் ஒரு வாற்கோதுமை மணி கூடுதலாகக் கேட்கிறார்.

இவ்வளவும் எப்படித் தெரிந்தது? ஊகத்தால் அல்ல. 1857-இல் லண்டன் மொழியியல் சங்கத்தில் தொடங்கிய முயற்சி ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியாக வளர்ந்தது. 1879-இல் ஜேம்ஸ் மர்ரே ஆசிரியரானார். பழைய நூல்களை வரி வரியாக வாசித்து, ஒரு சொல் வரும் வாக்கியத்தைச் சீட்டில் எழுதி அனுப்பும்படி பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார். தம் வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகட்டால் கட்டிய கொட்டகையில் புறாக்கூண்டு போன்ற அறைகளை அடித்து, குவிந்த சீட்டுகளைச் சொல்வாரியாகவும் ஆண்டுவாரியாகவும் அடுக்கினார். சுமார் 50 லட்சம் சீட்டுகள் சேர்ந்தன. முதல் பகுதி 1884-இல் வந்தது; கடைசிப் பகுதி 1928-இல். மர்ரே 1915-இலேயே இறந்துவிட்டார். ஒரு சொல்லின் சீட்டுகளை ஆண்டு வரிசையில் புரட்டினால் அதன் பொருள் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

'வுமன்' என்பது கருப்பையைக் குறிக்கும் 'வூம்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று மேடையிலும் வாட்ஸ்அப்பிலும் உலவும் விளக்கத்தை இந்த முறை ஒரே வரியில் தீர்த்துவிடுகிறது. பழைய ஏடுகளில் அது 'வீஃப்மன்' என்றே எழுதப்பட்டிருக்கிறது: பெண், மனிதர் என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. அன்று 'மன்' ஆணை மட்டும் குறிக்கவில்லை. மனித இனத்தைக் குறித்தது. ஆணுக்குத் தனியாக 'வேர்' என்ற சொல் இருந்தது. இரவில் ஓநாயாக மாறும் மனிதனின் பெயரான 'வேர்வுல்ஃப்' ஒன்றில்தான் அது இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது.

சொற்கள் மறந்த பொருளைச் சுமந்து நகரும் இந்த வேலை நின்றுவிடவில்லை. குதிரை வண்டி ஓடிய காலத்தில், குளம்புகள் வாரியடிக்கும் சேறு ஓட்டுபவர்மேல் தெறிக்காமலிருக்க வண்டியின் முன்புறம் ஒரு பலகையையோ தோலையோ பொருத்தினார்கள். வாரியடிப்பதற்கு ஆங்கிலத்தில் 'டாஷ்', பலகைக்கு 'போர்டு'. மோட்டார் வண்டி வந்தபோது குதிரை போயிற்று, சேறும் பின்னுக்குப் போயிற்று. ஓட்டுபவருக்கு முன்னால் இருந்த இடம் மட்டும் பெயரோடு தங்கியது. அங்கே வேகமானியும் எரிபொருள் காட்டியும் குடியேறின. இப்போது சென்னை அலுவலகங்களில் விற்பனைக் கணக்கைக் காட்டும் கணினித் திரைக்கும் டாஷ்போர்டு என்றுதான் பெயர். அந்தத் திரையை வடிவமைக்கும் இளைஞர்களில் பலர் குதிரை வண்டியில் ஏறியதே இல்லை.